கஞ்சாவும் கஜானாவும்

கொச்சியைச் சேர்ந்த மட்டாஞ்சேரியின் கடைவீதியில் ஒருமுறை நடந்தவர்கள் அதன் மணத்தை எளிதில் மறக்க மாட்டார்கள். மிளகு, சுக்கு, ஏலம், மஞ்சள் ஆகியவற்றின் மணம் பழைய பண்டகசாலைகளின் சுவர்களில் ஊறிக் கிடக்கிறது. போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர் செப்பனிட்ட அரண்மனை ஒரு புறம். 1568ஆம் ஆண்டில் எழுந்த யூதர் ஆலயம் மற்றொரு புறம். குஜராத்தியரும் கொங்கணியரும் அரபுக் கடலோடிகளும் கூடி வாழ்ந்த இவ்வூரில் தமிழருக்கும் பழைய இடம் உண்டு. அருகே வேலி என்னும் பகுதியில் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள், டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காக அழைத்து வரப்பட்டவர்களின் வழிவந்தோர் என்று சொல்லப்படுகிறது. பிறந்த மண்ணை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, இவ்வூரின் வரலாறு வேற்றார் வரலாறு அன்று.

இவ்வூரிலிருந்து தொடங்கி இன்று நாம் ஆராய இருப்பது மிளகைப் பற்றி அன்று, கஞ்சாவைப் பற்றி. உலகில் சில நாடுகள் கஞ்சாவைச் சட்டத்துக்கு உட்பட்ட சரக்காக ஆக்கிவிட்டன. நம் நாட்டிலும் அவ்வாறு செய்தால் அரசுக்குப் பெருவருமானம் கிட்டும், கள்ள வணிகம் ஒழியும், மலைநாட்டு உழவன் பிழைப்பான் என்று சிலர் வாதிடுகின்றனர். குடும்பங்கள் சீரழியும், இளைஞர் உலகம் பாழாகும் என்று வேறு சிலர் அஞ்சுகின்றனர். இரு சாராரும் இஃது ஏதோ புதிய கேள்வி என்பதுபோலவே பேசுகின்றனர். உண்மையில் இது நம் நாட்டின் மிகப் பழைய கேள்வி. போதைப் பொருளைக் கஜானாவின் கணக்கில் சேர்த்தால் என்ன விளையும் என்பதை இந்தியா முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டு வந்திருக்கிறது. அந்தப் பழங்கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் புதுக்கணக்கு எழுதுவதே அறிவுடைமை.

முதலில் செடியைப் பற்றி ஒரு சொல். 1670களில் டச்சுக் கம்பெனியின் மலையாளக் கரைத் தலைவராகக் கொச்சியில் இருந்தவர் ஹென்றிக் வான் ரீட் என்பவர். படைத் தொழிலில் வந்தவராயினும் அவருக்கு மரஞ்செடிகளின்மீது தணியாத ஆர்வம் இருந்தது. இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்னும் கொங்கணிப் பண்டிதர் மூவரும் துணை நிற்க, இக்கரையின் தாவரங்களை வரைந்தும் விவரித்தும் அவர் தொகுப்பித்த நூலே ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. அதன் பத்தாம் தொகுதியில் கஞ்சாச் செடிக்கு இரண்டு படங்கள் உள்ளன. ‘கஞ்சாவு’ என்னும் உள்ளூர்ப் பெயரே இலத்தீன் எழுத்தில் அவற்றின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே, 1563இல், கோவாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய மருத்துவர் கார்சியா த ஓர்ட்டா தம் நூலில் பங்கியைப் பற்றி எழுதியிருந்தார். ஆகவே இச்செடி மேலை நாடுகளின் அறிவு நூல்களில் இடம் பெற்றதற்கு நம் மேற்குக் கரை ஒரு வாயிலாக இருந்தது என்பது தெளிவு.

ஆயினும் அந்நாளில் டச்சுக் கம்பெனியின் கணக்கேட்டைப் பெரிதாக்கிய போதைப் பொருள் கஞ்சா அன்று, அபின். கஞ்சாவோ தோட்டத்து வேலியிலும் முளைக்கும். வேலியில் முளைப்பதை ஒருவன் ஏகபோகமாக்கிக்கொள்வது கடினம். அபினோ வங்காளத்திலிருந்து கப்பலில் வரவேண்டிய சரக்கு. துறைமுகத்தைப் பிடித்தவன் கையில் அதன் விலையும் இருக்கும். 1663ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், கொச்சி மன்னரோடும் கரையோரச் சிற்றரசர்களோடும் செய்துகொண்ட உடன்படிக்கைகளில் இரண்டு விதிகளை வற்புறுத்தினர். மிளகு முழுவதையும் கம்பெனிக்கே விற்க வேண்டும் என்பது ஒன்று. அபினை இறக்குமதி செய்யும் உரிமை கம்பெனிக்கு மட்டுமே உண்டு என்பது மற்றொன்று. விற்பவனும் நானே, வாங்குபவனும் நானே என்னும் ஏற்பாடு இது. விளைபொருளைத் தாழ்ந்த விலைக்கு வாங்கிப் போதைப் பொருளை உயர்ந்த விலைக்கு விற்பதைவிட ஆதாயமான வாணிகம் வேறு எது?

தாளில் எழுதியது தரையில் நடந்ததா என்றால், முழுதும் நடக்கவில்லை. கம்பெனியின் ஒப்பந்த விலை சந்தை விலைக்குக் கீழேயே இருந்தது. ஆகவே மிளகு விளைவித்தவன் இரவில் படகேற்றி ஆங்கிலேயரிடமும் பிற வணிகரிடமும் விற்றான். பொதிமாடுகளின் முதுகில் ஏற்றி மலைக் கணவாய்களைக் கடந்து தமிழ்நாட்டுப் பக்கம் அனுப்பினான். சோழமண்டலக் கரையில் அச்சரக்குக்கு நல்ல விலை காத்திருந்தது. அபினும் அவ்வாறே, கம்பெனியின் முத்திரை இல்லாத சரக்கு வேறு துறைகளில் வந்திறங்கியது. கள்ள வணிகத்தைத் தடுக்கக் காவற்படகுகளும் கோட்டைகளும் சிப்பாய்களும் தேவைப்பட்டனர். அவற்றின் செலவு ஏகபோகத்தின் இலாபத்தைத் தின்றது. பின்னர் மார்த்தாண்ட வர்மர் 1741இல் குளச்சலில் டச்சுப் படையை வென்று, மிளகைத் திருவிதாங்கூர் அரசின் தனியுரிமையாக்கியபோது, கம்பெனியின் கனவு கலைந்தது. 1795இல் கொச்சிக் கோட்டை ஆங்கிலேயர் வசமாயிற்று.

இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பொருளாதாரப் பாடம் எளிது. ஒரு பண்டத்தின் இயல்பான விலைக்கும் அதிகாரம் விதித்த விலைக்கும் இடையிலுள்ள தூரமே கள்ளக் கடத்துபவனின் கூலி. தூரம் கூடக் கூடக் கூலியும் கூடும். அந்தத் தூரத்தை உண்டாக்குவது ஏகபோகமா, வரியா, தடையா என்பதைக் கடத்துபவன் பார்ப்பதில்லை.

அடுத்து, ஆங்கில ஆட்சிக் காலத்துக்கு வருவோம். கள், சாராயம், அபின், கஞ்சா ஆகிய யாவும் அப்காரி என்னும் ஒரே தலைப்பின்கீழ் அரசுக்கு வருவாய் ஈட்டித் தந்தன. கடைகள் ஏலத்தில் விடப்பட்டன. இந்நிலையில் 1893ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பிரிட்டிஷ் பொதுமன்றத்தில் வில்லியம் கெயின் என்னும் உறுப்பினர், வங்காளத்துக் கஞ்சாவால் மக்களுக்கு விளையும் தீமையைப் பற்றிக் கேள்வி எழுப்பினார். விசாரணை வேண்டும் என்று முடிவாயிற்று. வங்காளத்தோடு நில்லாமல் இந்தியா முழுமைக்கும் அவ்விசாரணை விரிவாக்கப்பட்டது. மாக்வொர்த் யங் தலைமையில் எழுவர் கொண்ட இந்தியக் கஞ்சா விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அவர்களுள் மூவர் இந்தியர். மருத்துவர், அதிகாரி, பாதிரியார், உழவர், வணிகர் எனப் பலதரப்பட்ட 1,193 சாட்சிகளை அக்குழு விசாரித்தது. மனநோய் இல்லங்களின் பதிவேடுகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்தது. கஞ்சாவால் பித்தானவர் என்று எழுதப்பட்டிருந்த பலரைப் பற்றி அவ்வாறு எழுதுவதற்குத் தக்க ஆதாரமே இல்லை என்பதையும் கண்டது.

1894இல் குழு அளித்த முடிவு இதுதான்: அளவோடு உட்கொள்வதால் பொதுவாகப் பெருந்தீங்கு இல்லை, அளவு மீறினால் உடலுக்கும் மனத்துக்கும் கேடு, முற்றிலும் தடை செய்வது தேவையற்றது. தடை செய்தால் மக்கள் அதனினும் கொடிய மது முதலியவற்றை நாடக்கூடும் என்றும் அவர்கள் எச்சரித்தனர். தடைக்குப் பதிலாக அவர்கள் கூறிய வழி, பயிரிடும் இடத்தைக் குறுக்குதல், உரிமம் வழங்குதல், அரசுக் கிடங்கில் சேமித்தல், கிடங்கை விட்டு வெளியேறும்போது தீர்வை வாங்குதல், கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், ஒருவர் வைத்திருக்கத் தக்க அளவுக்கு வரம்பு விதித்தல் ஆகியவையே. தீர்வையின் அளவைப் பற்றி அவர்கள் கூறியது இன்றும் எண்ணத் தக்கது. தீர்வை உயர்வாக இருக்க வேண்டும். ஆனால் கள்ளச் சரக்கு தலையெடுக்கும் அளவுக்கும், உண்போன் அதனினும் தீயதை நாடும் அளவுக்கும் உயர்ந்துவிடலாகாது. இன்று கனடாவிலும் கொலராடோவிலும் அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி இதுவே அன்றோ!

சென்னை மாகாணத்திலும் இவ்வழி பின்பற்றப்பட்டது. பயிர்செய்கை சில குறிப்பிட்ட இடங்களுக்குள் அடக்கப்பட்டது. வட ஆர்க்காட்டின் ஜவ்வாது மலைப் பகுதியும் ஆந்திரக் கடற்கரையில் பாபட்லா வட்டாரமும் அவற்றுள் சேர்ந்தவை. வங்காளத்திலோ ராஜஷாஹி மாவட்டத்து நவுகாவ் வட்டாரம் மட்டுமே கஞ்சா விளையும் நிலமாக இருந்தது.

நவுகாவின் கதை தனியே சொல்லத் தக்கது. அங்கே உரிமம் பெற்ற உழவர்கள் அரசின் கண்காணிப்பில் பயிரிட்டனர். ஆனால் இடைத்தரகர்களும் கடன் கொடுத்தவர்களும் விலையின் பெரும்பங்கைப் பறித்துவந்தனர். 1917ஆம் ஆண்டில் உழவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் கண்டனர். விளைச்சல் முழுவதையும் சங்கமே வாங்கி, உரிமம் பெற்ற வணிகர்களுக்கு விற்றது. இலாபத்திலிருந்து பள்ளிக்கூடங்களும் மருந்தகங்களும் எழுந்தன, சாலைகள் செப்பனிடப்பட்டன. தேசப் பிரிவினைக்குப் பின் அப்பகுதி கிழக்குப் பாகிஸ்தானில் சேர்ந்து, பின்னர் வங்காள தேசத்துக்கு உரியதாயிற்று. 1980களின் இறுதியில் அங்கே இப்பயிர் நிறுத்தப்பட்டது. போதைப் பொருளின் வருவாயில் உழவனுக்கு நியாயமான பங்கு கிடைத்த சில இடங்களுள் நவுகாவ் ஒன்று. அங்கே உரிமச் சட்டம் 1917க்கு முன்னும் இருந்தது. அப்போது உழவன் கடனாளியாகவே இருந்தான். சங்கம் வந்த பின்னரே அவன் நிலை மாறிற்று. சட்டபூர்வமாவது மட்டும் போதாது, விற்பனையின் அமைப்பும் உழவன் பக்கம் நிற்க வேண்டும் என்பதற்கு இது சான்று.

இங்கு ஓர் ஐயம் எழலாம்: இவ்வளவு வருவாய் தந்த ஏற்பாட்டை ஏன் கைவிட்டோம்? அதற்கு விடை நம் சுதந்திரப் போராட்டத்தில் இருக்கிறது. ஏழையின் மயக்கத்தில் அரசு பணம் சம்பாதிக்கலாகாது என்பது காந்தியடிகள் கொள்கை. 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியான ராஜாஜி, அவ்வாண்டு அக்டோபர் முதல் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். கஜானாவில் விழுந்த பள்ளத்தை நிரப்ப வேண்டாமா? 1939இல் பொது விற்பனை வரி என்னும் புதிய வரியை அவர் கொண்டுவந்தார். போதைக்கு வரி வாங்குவதை விட்டு, உப்பும் புளியும் அரிசியும் விற்கும் கடைக்காரரிடம் வரி வாங்குவதா என்று அன்று எதிர்ப்பு எழுந்தது. பின்னர் உலகப் போர்க் காலத்தில் மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. விற்பனை வரியோ நிற்கவில்லை. இதுவும் ஒரு பாடம். அரசு ஒரு வருவாயை இழந்தால் மற்றொன்றைத் தேடிக்கொள்ளும்; இழந்தது திரும்பி வந்தாலும் தேடிக்கொண்டதை விடாது. 1983இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் வாணிபக் கழகம் 2003ஆம் ஆண்டிறுதி முதல் மதுவின் சில்லறை விற்பனையையும் தானே நடத்திவருகிறது. ஒருமுறை அவ்வருவாய்க்குப் பழகிய அரசு அதை விடுவது எவ்வளவு கடினம் என்பதைத் தமிழர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 47ஆம் பிரிவு, மருந்துக்கல்லாமல் உடல்நலத்துக்குத் தீங்கான மதுவையும் போதைப் பொருளையும் விலக்க அரசு முயல வேண்டும் என்று நெறி வகுத்தது. 1961இல் போதைப் பொருள்கள் பற்றிய உலக ஒப்பந்தம் உருவாயிற்று. மருத்துவத்துக்கல்லாத கஞ்சாப் பழக்கத்தை இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் ஒழிக்க வேண்டும் என்று அது கெடு விதித்தது. பூந்தலையும் காயும் சேர்ந்தாலொழிய இலையும் விதையும் கஞ்சா ஆகா என்றும் அதில் விளக்கம் சேர்ந்தது. நம் நாட்டில் பங்கிக்கு இன்றும் இருக்கும் விதிவிலக்கின் வேர் அதுவே. அக்கெடு முடியுமுன், 1985ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் தேதி, போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒரு நூற்றாண்டு காலம் கிடங்கிலும் கடையிலும் தீர்வை செலுத்தி விற்ற சரக்கு, அன்று முதல் சிறைக்கு வழிகாட்டும் சரக்காயிற்று.

தடையின் பொருளாதாரம் என்ன ஆயிற்று? கேரளத்தின் இடுக்கி மலைக் காடுகளில் மறைவாகப் பயிரிடும் தொழில் ஒரு காலத்தில் ஓங்கியது. காவலரும் கலால் இலாகாவினரும் அதைப் பெருமளவு அழித்தனர். பயிர் அழிந்தது, வாணிகம் அழியவில்லை. அது ஆந்திர, ஒரிசா எல்லை மலைகளுக்கு நகர்ந்தது. அங்கிருந்து ரயில் மூலமும் லாரி மூலமும் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் வருகிறது. 2021இல் ஆந்திரக் காவல் துறையினர் அம்மலைகளில் ஆயிரக்கணக்கான ஏக்கர்ப் பயிரை வெட்டி அழித்தனர். மலையில் பயிரிடும் பழங்குடி உழவன் பெறும் விலை மிகச் சிறிது. கொச்சியில் சிறு பொட்டலமாகும்போது அது பன்மடங்காகிறது. இடையில் கூடியது சரக்கின் தரமா? இல்லை, அபாயத்தின் கூலி. டச்சுக்காரன் காலத்தில் மிளகுப் பொதிக்குக் கிடைத்த அதே கூலி.

அக்கூலிக்கு ஆசைப்பட்டுப் பொட்டலம் சுமப்பவர் யார்? பெரும்பாலும் வேலையில்லா இளைஞரும் வெளியூர்க் கூலிகளுமே. இன்றைய சட்டப்படி ஒரு கிலோ வரை சிறு அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை. இருபது கிலோவுக்கு மேற்பட்டது வணிக அளவு. அதற்குப் பத்தாண்டுக்குக் குறையாத கடுங்காவல் தண்டனை. பிடிபடுபவன் சுமந்தவன், சரக்குக்கு முதல் போட்டவன் தொலைவில் இருக்கிறான். குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரன் சிறை புகுந்தால், வக்கீல் செலவும் வட்டிக் கடனும் பெண்கள் தலையில் விழுகின்றன. அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் இந்நட்டம் எழுதப்படுவதில்லை. ஆனால் தடைக்கு நாடு கொடுக்கும் விலையில் இதுவும் ஒரு பங்கு.

இனி, சட்டத்துக்கு உட்படுத்திய நாடுகளின் அனுபவத்தைக் காண்போம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2014 ஜனவரி முதல் தேதி கஞ்சாக் கடைகள் திறந்தன. உற்பத்தித் தீர்வையில் முதல் நான்கு கோடி டாலர் ஆண்டுதோறும் பள்ளிக் கட்டடங்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. வருவாய் ஏறிக்கொண்டே சென்று 2021இல் 42 கோடி டாலரைத் தாண்டியது. பின்னர் அண்டை மாநிலங்களும் கடை திறந்தன, விளைச்சல் மிகுந்தது, விலை வீழ்ந்தது. 2023இல் அவ்வருவாய் 28 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. புதையல் என்று எண்ணியது மற்ற பயிர்களைப் போலவே சந்தைக்கு அடங்கிய பயிராயிற்று.

கனடா 2018 அக்டோபர் 17இல் நாடு முழுவதும் அனுமதித்தது. கிராம் ஒன்றுக்கு ஒரு டாலர் அல்லது விலையில் பத்து விழுக்காடு, இவற்றுள் எது மிகுதியோ அதுவே தீர்வை. சட்டபூர்வச் சரக்கின் விலை தொடக்கத்தில் கள்ளச் சரக்கைவிட உயர்வாக இருந்தது. ஆகவே கள்ளச் சந்தை உடனே மறையவில்லை. பின்னர் விலை விழுந்தபோது, கிராமுக்கு ஒரு டாலர் என்னும் நிலையான தீர்வை விளைவிப்போரை நசுக்கியது. பல நிறுவனங்கள் திவாலாயின. உருகுவே நாடு 2013இல் சட்டம் இயற்றி, 2017 முதல் மருந்துக் கடைகளில் அரசு குறித்த தாழ்ந்த விலையில் விற்றது. ஆனால் அமெரிக்கச் சட்டத்துக்கு அஞ்சிய வங்கிகள் அக்கடைகளின் கணக்குகளை மூடின. நம்மைப் போன்ற கீழ்த்திசை நாடான தாய்லாந்து 2022 ஜூன் மாதத்தில் கதவைத் திறந்தது. தக்க விதிகள் இல்லாமல் ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. 2025 ஜூன் மாதத்தில், மருத்துவச் சீட்டு உள்ளவர்க்கு மட்டுமே என்று மீண்டும் கட்டுப்படுத்தியது. கடை போட்டவர்களும் கடன் வாங்கிப் பயிரிட்டவர்களும் நடுத்தெருவில் நின்றனர்.

இந்த அனுபவங்கள் யாவற்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். சட்டபூர்வமாக்குவதால் புதுச்செல்வம் பெரிதாகப் பிறப்பதில்லை. ஏற்கெனவே ஒருவர் கையிலிருந்த பணம் மற்றொருவர் கைக்கு மாறுகிறது. கடத்துபவன் வாங்கிய அபாயக் கூலி வரியாக மாறி அரசுக்குப் போகலாம். விலைக் குறைவாக மாறி உண்போனுக்குப் போகலாம். இலாபமாக மாறிப் பெருங்கம்பெனிக்குப் போகலாம். நவுகாவில் போல உழவனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகலாம். எங்கே போகும் என்பதை, சட்டமாக்குவதா வேண்டாமா என்னும் ஒரு சொல் விடை தீர்மானிப்பதில்லை. தீர்வையின் அளவு, உரிமம் யாருக்கு, கொள்முதல் செய்வது யார், வருவாய் எந்தக் கணக்கில் சேர்கிறது என்பவையே தீர்மானிக்கும்.

செலவுப் பக்கத்தையும் மறத்தலாகாது. விலை தாழ்ந்தால் உண்போர் தொகை பெருகக்கூடும். இளவயதில் தொடங்குவோர்க்கும் நாள்தோறும் மிகுதியாக உண்போர்க்கும் மனநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது இன்றைய மருத்துவ ஆராய்ச்சிகள் காட்டும் உண்மை. அரசு வாங்கும் வரியில் ஒரு பங்கு மருத்துவமனைக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும். 1894ஆம் ஆண்டுக் குழு அறிந்த சரக்கைவிட இன்று சில நாடுகளில் விற்கும் சரக்கு வீரியம் மிக்கது. ஆகவே அக்குழுவின் பொருளாதார அறிவை ஏற்கலாம். அதன் மருத்துவ முடிவை அப்படியே இன்றைக்குப் பொருத்தலாகாது.

நம் நாட்டின் இன்றைய நிலை என்ன? 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், மகிழ்வுக்காகப் புகைக்கும் கஞ்சாவை ஒரு மாநிலம் தானே அனுமதித்துவிட இயலாது. ஆனால் நாருக்கும் விதைக்குமாகப் பயிரிட இடம் உண்டு. உத்தராகண்ட் மாநிலம் 2018இல் அதற்கு முதல் உரிமம் வழங்கியது. போதைச் சத்து 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத இரகம் மட்டுமே அங்கு அனுமதி பெறும். இமாசலப் பிரதேசமும் அவ்வழியில் சோதனைப் பயிர்செய்கைக்கு இசைந்துள்ளது. 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப் பொருள் ஆணையம், கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் அட்டவணையிலிருந்து நீக்கியபோது, 27 வாக்குகள் ஆதரவாகவும் 25 எதிராகவும் விழுந்தன. இந்தியா ஆதரவாக வாக்களித்தது. மருந்துக்கான வாயில் சற்றே திறந்திருக்கிறது. மயக்கத்துக்கான வாயில் மூடியே இருக்கிறது.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் மக்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. காசியிலும் ராஜஸ்தானத்து நகரங்களிலும் அரசு உரிமம் பெற்ற பங்கிக் கடைகளைக் காணலாம். அங்கே கடையில் விற்கிறதே, எங்கும் குற்றமில்லை போலும் என்று கருதி, ஊருக்குத் திரும்பும்போது மூட்டையில் முடிந்துகொண்டு வருவது பேதைமை. தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டம் இச்செடியின் இலையையும் விலக்கப்பட்ட பொருளாகவே கொள்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் சரக்கு மாறுவதில்லை, சட்டம் மாறிவிடுகிறது. ரயிலில் முன்பின் அறியாத ஒருவர், இந்தப் பையை அடுத்த நிலையம் வரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒப்படைத்தால், பணிவோடு மறுத்துவிடுவதே நலம். நல்லெண்ணத்துக்குச் சட்டத்தின் முன் சாட்சி கிடைப்பது அரிது.

இனிவரும் ஆண்டுகளில் இவ்விவாதம் நம் சட்டமன்றங்களிலும் வலுக்கும். அப்போது ஆதரித்துப் பேசுவோரிடம் ஒரு கேள்வி கேட்போம்: இவ்வருவாயில் மலையுழவனின் பங்கு எவ்வளவு, மருத்துவமனையின் பங்கு எவ்வளவு, நாளை வருவாய் குறைந்தால் விற்பனையைப் பெருக்குவீர்களா? எதிர்த்துப் பேசுவோரிடமும் ஒரு கேள்வி கேட்போம்: தடையால் பிறக்கும் அபாயக் கூலியை இன்று யார் வாங்குகிறார், அதற்காகச் சிறைக்குப் போகிறவர் யார்? இவ்விரு கேள்விகளுக்கும் நேர்மையான விடை கிடைக்காதவரை எந்தப் பக்கத்து வாதமும் முழுமை பெற்றதாகாது.

மட்டாஞ்சேரியின் காயலோரத்தில் இன்று டச்சுக் கம்பெனியின் காவற்படகுகள் இல்லை. அபின் இறக்கிய கப்பல்கள் இல்லை. ஒப்பந்தம் எழுதிய அதிகாரிகள் மண்ணோடு மண்ணாயினர். மிளகு மட்டும், யாருடைய ஏகபோகத்துக்கும் அடங்காமல், கொடியேறிக் காய்த்துக்கொண்டிருக்கிறது. விளைவித்தவனுக்கு நியாயமான விலை தராத எந்த ஆணையும் மலைக் கணவாயில் தோற்றுப்போகும் என்பதை அந்த மிளகு நமக்கு ஒருமுறை காட்டிவிட்டது. கஞ்சாவைப் பற்றிச் சட்டம் எழுதப்போகும் கை எதுவாயினும், அந்தப் பாடத்தைப் படித்த கையாக இருக்கட்டும்.